குறுவைப் பருவமும் கணினி மாதிரியும்: வேளாண், உணவுக் கொள்கைக்குக் கணிப்பு மாதிரிகளைப் பயன்படுத்தப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேளாண்மை குறித்த ஓர் அரசாணையின் விளைவை அளந்து பார்க்கக் குறைந்தது இரண்டு மூன்று பருவங்கள் ஆகின்றன. அதற்குள் விதைத்தவர் விதைத்துவிடுவார், கடன்பட்டவர் கடன்பட்டுவிடுவார். முடிவெடுப்பதற்கு முன்பே, இதனால் நீர் எவ்வளவு மிஞ்சும், விளைச்சல் எந்த அளவு மாறும், யாருடைய செலவு கூடும் என்று ஓரளவு நம்பிக்கையுடன் கணித்துப் பார்க்க உதவுபவையே கணிப்பு மாதிரிகள். வேளாண் துறையில் புதிதாகப் பணியேற்றவர்கள், முதுநிலை மாணவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் தன்னார்வ அமைப்புகளிலும் கொள்கைப் பணி செய்பவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கூட்டல் பெருக்கலில் பொறுமையும், வயலில் நடப்பதைக் கேட்டறியும் விருப்பமும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

பொதுவாகப் பேசினால் எதுவும் மனத்தில் நிற்காது என்பதால், காவிரி டெல்டாவின் குறுவை (ஜூனில் தொடங்கி அக்டோபர் வாக்கில் முடியும் குறுகிய காலப் பருவம்) நெல் சாகுபடியையே தொடக்கம் முதல் இறுதி வரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். நீர்ப் பங்கீடு, பசுங்குடில் வாயு, உழவர் வருமானம், நியாயவிலைக் கடையின் அரிசி ஆகிய நான்கும் ஒரே இடத்தில் பின்னிக் கிடக்கும் களம் அது.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் கருவியிலிருந்து தொடங்குகிறார்கள். ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு மென்பொருளைக் கற்றுக்கொண்டு, பிறகு அதற்கேற்ற கேள்வியைத் தேடுகிறார்கள். முடிவெடுக்கும் அதிகாரி எந்தக் கோப்பில், எந்த மாதத்தில், எதைத் தீர்மானிக்கப் போகிறார் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். "டெல்டாவில் நிலைத்த வேளாண்மையை எவ்வாறு கொண்டுவருவது?" என்பதை எந்த மாதிரியாலும் கணக்கிட முடியாது. "குறுவை நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையை (வயலைச் சற்றுக் காயவிட்டு மீண்டும் நீர் பாய்ச்சுவதை) கடைப்பிடிக்கும் உழவர்களுக்கு ஏக்கருக்கு ஒரு ஊக்கத்தொகை அளித்தால், ஒரு லட்சம் ஏக்கரில் எவ்வளவு நீர் மிஞ்சும், மீத்தேன் எவ்வளவு குறையும், உழவரின் நிகர வருமானம் என்ன ஆகும்?" என்பது கணக்கிடக்கூடிய கேள்வி. அதில் செய்யப்போகும் செயல் இருக்கிறது, இடம் இருக்கிறது, பருவம் இருக்கிறது, அளக்க வேண்டிய மூன்று பொருள்களும் இருக்கின்றன.

இத்துடன் ஒப்பீட்டு நிலையையும் எழுதிவிட வேண்டும். ஊக்கத்தொகை இல்லாமலே அடுத்த ஐந்தாண்டுகளில் என்ன நடந்திருக்கும் என்பதே அந்த ஒப்பீடு. இன்றைய நிலை அப்படியே உறைந்து நிற்கும் என்று கொள்வது தவறு. இயந்திர நடவும் நேரடி விதைப்பும் ஏற்கெனவே பரவி வருகின்றன. அவை தாமாகவே நீர்த் தேவையை மாற்றுகின்றன. அந்த மாற்றத்தையும் சேர்த்துத் திட்டத்தின் சாதனையாகக் காட்டும் அறிக்கை நேர்மையானதாக இராது.

எல்லையை எங்கே வரைவது

வயல், கால்வாய், ஆற்றுப்படுகை, மாநிலம், நாடு ஆகிய ஒவ்வொரு எல்லையிலும் விடை மாறும். குறுவை நெற்பரப்பைக் குறைத்தால் டெல்டாவின் நீர் தேங்கிய வயல்கள் வெளியிடும் மீத்தேன் என்ற பசுங்குடில் வாயு குறையும் என்பது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் அனைவருக்குமான பொது விநியோகத் திட்டம் இருக்கிறது. அரிசியின் தேவை அதனால் குறையப்போவதில்லை. குறையும் அரிசி பஞ்சாபிலிருந்தோ சத்தீஸ்கரிலிருந்தோ தெலங்கானாவிலிருந்தோ வர வேண்டும். பஞ்சாபின் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டிருக்கும் நிலையில், தஞ்சாவூரில் மிஞ்சிய நீரை அங்கே செலவழித்துவிட்டு நாம் மிச்சப்படுத்தியதாகக் கணக்கெழுத முடியுமா? ஆகவே பயிர் மாற்றம் பற்றிய கேள்வியென்றால் எல்லை நாடு வரை விரிய வேண்டும். விளைச்சலைக் குறைக்காமல் பாசன முறையை மட்டும் மாற்றும் கேள்வியென்றால் ஆற்றுப்படுகையுடன் நிறுத்திக்கொள்ளலாம்.

கால எல்லையும் அவ்வளவு முக்கியமானது. காவிரி வழக்கில் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, மாநில எல்லையிலுள்ள அளவீட்டு இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) நீர் கிடைக்க வேண்டும். ஆனால் அதன் மாதப் பங்கீட்டைப் பாருங்கள்: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 டி.எம்.சி. குறுவைக்கு நாற்று விட்டு நடவு செய்ய நீர் மிகுதியாகத் தேவைப்படும் ஜூனிலும் ஜூலைத் தொடக்கத்திலும் வரத்து குறைவு. மேட்டூர் அணையில் ஏற்கெனவே தேங்கியிருக்கும் நீரே அந்த வாரங்களைத் தாங்க வேண்டும். ஆண்டுக் கணக்கில் இயங்கும் ஒரு மாதிரி இந்த நெருக்கடியைக் காட்டவே காட்டாது. அதிகபட்சம் பதினைந்து நாள் இடைவெளியில் கணக்கிடும் மாதிரிதான் இங்கே பயன்படும்.

முதலில் காகிதத்தில் கணக்கிடுங்கள்

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் ஒரு பக்கக் கணக்கு ஒன்றைக் கையால் போட வேண்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன். கணினி தரும் விடை நம்பத்தக்கதா என்று பின்னால் தீர்மானிக்க உங்களிடம் இருக்கப்போகும் அளவுகோல் இதுதான்.

அலகிலிருந்து தொடங்குவோம். ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2.83 கோடி கன மீட்டர். அதை ஒரு லட்சம் ஏக்கரில் சமமாகப் பரப்பினால் ஏறக்குறைய 70 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், மேடைகளிலும் அறிக்கைகளிலும் சொல்லப்படும் பல சேமிப்புக் கணக்குகளை அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

அடுத்தது ஒரு குறுவை வயலின் நீர்க் கணக்கு. ஒப்பீட்டு ஆவியுயிர்ப்பு (அன்றைய வானிலையில் ஒரு மாதிரிப் புல்வெளியிலிருந்து ஆவியாகும் நீர்) நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் என்றும், அதை நெல்லின் தேவைக்கு மாற்றும் பெருக்கெண்ணான பயிர்க் குணகம் பருவ முழுமைக்கும் சராசரியாக 1.1 என்றும் கொண்டால், பயிர் நாளொன்றுக்கு 6.6 மில்லிமீட்டர் நீரை எடுக்கும். நடவு வயலில் 90 நாளுக்கு அது சுமார் 594 மில்லிமீட்டர். களிமண் வயலில் நாளொன்றுக்கு 3 மில்லிமீட்டர் கீழே கசிவதாகக் கொண்டால் 270. சேற்றுழவுக்கு 200. ஆக ஏறக்குறைய 1,060 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவத்தில் வயலுக்குப் பயன்படும் மழையை இதிலிருந்து கழிக்க வேண்டும்.

இப்போது காய்ச்சலும் பாய்ச்சலும் முறைக்கு வருவோம். நட்ட இரண்டு வாரங்களுக்குப் பிறகு, துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, அதனுள் நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகே மீண்டும் நீர் பாய்ச்ச வேண்டும் என்றும், பூக்கும் தருணத்தில் நீர் தேங்கி நிற்க வேண்டும் என்றும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கிறது. பாசன நீரில் 30 விழுக்காடு வரை மிஞ்சும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த மிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்று மேற்கண்ட கணக்கைக் கேட்டுப் பாருங்கள். பயிர் எடுக்கும் 594-இல் பெரிதாக எதையும் குறைக்க முடியாது. சேற்றுழவின் 200 மாறாது. எஞ்சியவை கசியும் 270-உம், வடிகாலில் வழிந்தோடுவதும் மட்டுமே. ஆகவே கெட்டியான களிமண்ணில் 100 மில்லிமீட்டர் மிஞ்சினாலே நல்ல விளைவு. ஒரு லட்சம் ஏக்கரில் அது 1.4 டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதுடன் அதை ஒப்பிட்டுப் பார்த்தால், எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது விளங்கும்.

கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதியில் மண் இலகுவானது. அங்கே கசிவு அதிகம் என்பதால் வயலில் மிஞ்சுவதும் அதிகமாகத் தோன்றும். ஆனால் அந்தக் கசிவே நிலத்தடியில் சேர்ந்து, பிறகு பம்புசெட் வழியாக மீண்டும் வயலுக்கு வருகிறது. அதை நிறுத்தினால் கால்வாயில் மிஞ்சியது கிணற்றில் குறையும். கடலோர நாகப்பட்டினப் பகுதியிலோ கசியும் நீர் உவர்நீருடன் கலந்து பயனற்றுப் போவதால், அங்கே மிஞ்சும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் உண்மையான மிச்சம். ஒரே தொழில்நுட்பத்தின் கொள்கை மதிப்பு, டெல்டாவின் தலைமடையில் (கால்வாய் நீர் முதலில் வரும் பகுதி) ஒன்றாகவும் கடைமடையில் (கடைசியில் வரும் பகுதி) வேறொன்றாகவும் இருக்கிறது. எல்லா வட்டாரத்துக்கும் ஒரே ஊக்கத்தொகை என்று ஆணையிடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது. இதற்குக் கணினிகூடத் தேவைப்படவில்லை.

இவ்வகைக் காகிதக் கணக்கின் அருமையை இலங்கையின் அனுபவம் வருத்தத்துடன் உணர்த்துகிறது. 2021 மே மாதம் அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பரில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இடையில் உரமின்றி நட்டவர்களின் பெரும்போக (இலங்கையின் முதன்மைப் பருவ) நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. ஒரு டன் நெல் விளைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) தேவை. எக்டேருக்கு 4 டன் என்றால் சுமார் 70 கிலோ. அதில் பாதியை மண்ணே தந்துவிடும் என்று வைத்துக்கொண்டாலும் 35 கிலோவை வெளியிலிருந்து இட வேண்டும். ஒன்றரை விழுக்காடு தழைச்சத்துள்ள கூட்டெருவில், முதல் பருவத்தில் மூன்றில் ஒரு பங்கு பயிருக்குக் கிடைக்கும் என்று தாராளமாகக் கொண்டால் எக்டேருக்கு 7 டன் எரு வேண்டும். ஏழு லட்சம் எக்டேருக்கு அது 49 லட்சம் டன். ஐந்து மாதத்துக்குள் அவ்வளவு எருவை எங்கே செய்து, எந்த வண்டியில் ஏற்றி, எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற கேள்வி இந்த ஐந்து வரிக் கணக்கிலேயே எழுந்துவிடுகிறது. இயற்கை வேளாண்மையின் மீது பற்றுள்ளவர்கள்தாம் இந்தக் கணக்கை எல்லோருக்கும் முன்பாகப் போட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவசரத்தால் பெயர் கெட்டது அந்த நெறிக்குத்தான்.

கேள்விக்கு ஏற்ற கருவி

காகிதக் கணக்கு எங்கே போதாமல் போகிறதோ, அங்கே கருவி தேவைப்படுகிறது. பயிரின் நீர்த் தேவையும் பாசன அட்டவணையும் மட்டும் வேண்டுமென்றால், ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் 'க்ராப்வாட்' போதும். இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு வாரத்தில் பழகிவிடலாம். நீர் குறைந்தால் விளைச்சல் எவ்வளவு குறையும் என்று அறிய, அதே நிறுவனம் 2009-இல் வெளியிட்ட 'அக்வாக்ராப்' உதவும். தழைச்சத்து, இரகம், நடவுத் தேதி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் 'டி.எஸ்.எஸ்.ஏ.டி.' தொகுப்பிலுள்ள நெல் மாதிரியையோ, பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஒரைசா'வையோ கற்க வேண்டும். இவற்றுக்குச் சில மாத உழைப்பு தேவை. பயிர் உடலியங்கியல் தெரிந்த ஒருவர் அருகில் இருப்பது நல்லது. அணை, கால்வாய், நிலத்தடி நீர் ஆகியவற்றை இணைத்துப் பார்க்க, ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் 'வீப்' பரவலாகப் பயன்படுகிறது.

பசுங்குடில் வாயுவுக்குப் பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2019-இல் திருத்தியமைத்த வழிகாட்டு நெறிகளே அடிப்படை. தெற்காசியாவில் தொடர்ந்து நீர் தேங்கிய நெல் வயலுக்கு எக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் என்று அவை கொள்கின்றன. 90 நாளுக்கு 76.5 கிலோ. மீத்தேனின் வெப்பமூட்டும் திறனைக் கரியமில வாயுவைப் போல் 28 மடங்கு என்று கொண்டால், அது 2.1 டன் கரியமில வாயுவுக்குச் சமம். பருவத்தில் பலமுறை வயலைக் காயவிட்டால் பெருக்குக் காரணி 0.55, அதாவது எக்டேருக்கு ஏறக்குறைய ஒரு டன் குறைகிறது. வயல் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு கூடக்கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். குறுவை அறுத்த தாளைச் சில நாள்களிலேயே மடக்கி உழுது தாளடி (குறுவையை அடுத்த நெல் பயிர்) நடும்போது மீத்தேன் பெருகுகிறது. குறுவையை மட்டும் தனியே கணக்கிட்டுவிட்டுத் தாளடியை மறந்துபோவது இங்கே அடிக்கடி நேரும் பிழை. இக்கணக்குகளைத் திட்ட அளவில் தொகுக்க, உணவு வேளாண் நிறுவனத்தின் 'எக்ஸ்-ஆக்ட்' உள்ளது.

விலை, வணிகம், நாடளாவிய உணவுத் தேவை ஆகியவற்றுக்கு வேறு வகை மாதிரிகள் உள்ளன. பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் 'இம்பாக்ட்', ஆஸ்திரியாவிலுள்ள ஐ.ஐ.ஏ.எஸ்.ஏ. நிறுவனத்தின் 'க்ளோபியம்' போன்றவை அவற்றில் சில. அவற்றைத் தனியொருவர் தொடக்கத்திலேயே இயக்க முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் வெளியிடப்பட்ட முடிவுகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவு தெரிந்தால் போதும். நாட்டளவிலான உணவு, நிலப் பயன்பாட்டுப் பாதைகளை விரிதாளிலேயே ஆராயவிரும்புவோர் 'ஃபேபிள் கால்குலேட்டர்' என்பதைப் பார்க்கலாம். சூத்திரங்கள் கண்முன் திறந்திருப்பதால் கற்பதற்கு ஏற்றது.

தரவு: எங்கே கிடைக்கும், எங்கே ஐயப்பட வேண்டும்

மழைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டத் தரவு உள்ளது. வெப்பநிலை, சூரிய ஒளி ஆகியவற்றின் அன்றாட மதிப்புகளை 'நாசா பவர்' தளத்திலிருந்து இலவசமாகப் பெறலாம். மண்ணுக்கு உலகளாவிய 'சாயில்கிரிட்ஸ்' வரைபடம் இருந்தாலும், டெல்டாவின் மண் வேறுபாடுகளுக்கு உள்ளூர் மண் ஆய்வுக்கூட அறிக்கைகளே நம்பகமானவை. பரப்புக்கும் விளைச்சலுக்கும் மாநிலப் பொருளியல், புள்ளியியல் துறையின் பருவ, பயிர் அறிக்கை. சாகுபடிச் செலவுக்கு வேளாண் செலவு, விலை ஆணையத்தின் அறிக்கைகள். இரகங்களின் வயதுக்கும் இயல்புக்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகள்.

எல்லாவற்றுக்கும் அடித்தளம் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேடு. அதில் நில உரிமையாளரின் பெயர் இருக்கும். உண்மையில் உழுபவர் வாய்மொழிக் குத்தகைதாரராக இருக்கலாம். ஊக்கத்தொகை யாருடைய வங்கிக் கணக்குக்குப் போகும் என்று கணிக்க முயலும்போது இந்த வேறுபாடு மாதிரியின் மற்றெல்லாத் துல்லியத்தையும் விழுங்கிவிடும். பயிர் அறுவடைப் பரிசோதனையின் (மாதிரி வயலை அறுத்து எடை பார்ப்பதன்) விளைச்சல் விவரங்களையும், எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில், எத்தனை பரிசோதனைகள் நடந்தன என்று கேட்டறிந்தே பயன்படுத்த வேண்டும். விடுபட்ட இடங்களைச் சராசரியால் நிரப்பினால், அதை விரிதாளிலேயே வேறு நிறத்தில் குறித்து வையுங்கள்.

கெட்ட ஆண்டில் சோதியுங்கள்

உள்ளூர் விவரங்களுக்கு ஏற்ப மாதிரியைச் சீரமைத்தபின், சீரமைக்கப் பயன்படுத்தாத ஆண்டுகளில் அது என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டுகளை கால வரிசைப்படியோ சீட்டுக் குலுக்கியோ தேர்ந்தெடுப்பதைவிட, வேண்டுமென்றே கடினமான ஆண்டுகளை ஒதுக்கி வைப்பது நல்லது. 2016-இல் மேட்டூர் செப்டம்பர் 20-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழையும் தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. 2022-இல் வழக்கமான ஜூன் 12-க்கு முன்பே, மே 24-ஆம் தேதியே அணை திறந்தது. 2023-இல் உரிய தேதியில் திறந்தும் பிறகு நீரின்றிக் குறுவை கருகியது. 2024-இல் திறப்பு ஜூலை 28 வரை தள்ளிப்போனது. இந்த நான்கு ஆண்டுகளின் போக்கையும் ஏறத்தாழ மீட்டுக் காட்டும் மாதிரியை நம்பலாம். சராசரி ஆண்டில் மட்டும் சரியாக வரும் மாதிரி, கொள்கை தேவைப்படாத ஆண்டில் மட்டும் சரியாக இருக்கிறது என்றே பொருள்.

சரிபார்ப்பின் மற்றொரு பாதி வயலில் நடக்கிறது. முதல் முடிவுகளை எடுத்துக்கொண்டு தலைமடையில் ஒரு கிராமம், கடைமடையில் ஒரு கிராமம் என்று சென்று, முன்னோடி உழவர்களுடனும் நடவு, களையெடுப்பு வேலை செய்யும் பெண்களுடனும் உட்கார்ந்து பேசுங்கள். "எங்களுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் வருகிறது, வரும்போது தேக்கிக்கொள்ளாவிட்டால் அடுத்த முறைக்கு வருமோ வராதோ" என்று கடைமடை உழவர் சொன்னால், மாதிரி அவரைக் குழாயில் மட்டம் பார்த்துப் பாய்ச்சுபவராக வைத்திருப்பது பிழை என்று தெரியும். வயலைக் காயவிட்டால் களை கூடும் என்று பெண்கள் சொல்வார்கள். அந்தக் கூலி உங்கள் செலவுப் பட்டியலில் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். பம்புசெட் வைத்திருப்பவருக்கு மின்சாரம் இலவசம் என்பதால், நீரை மிச்சப்படுத்தினால் அவருக்குப் பணம் மிஞ்சுவதில்லை என்பதும் அங்கே தெளிவாகும். 'இத்தனை விழுக்காடு உழவர்கள் இம்முறையை ஏற்பார்கள்' என்று நாம் இடும் ஒற்றை எண்தான் பெரும்பாலான அறிக்கைகளின் இறுதி விடையைத் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதக் கூடாது.

மாற்று நிலைகளை அமைத்தல்

மூன்று அல்லது நான்கு மாற்று நிலைகளுக்கு மேல் வேண்டாம். நமது எடுத்துக்காட்டில் இப்படி அமைக்கலாம்: இப்போதைய போக்கு, டெல்டா முழுதும் ஒரே ஊக்கத்தொகை, கடைமடைக்கும் உவர்நீர்ப் பகுதிக்கும் மட்டும் கூடுதல் ஊக்கத்தொகையுடன் முறைப்பாசன அட்டவணைக்கு முன்கூட்டிய உறுதி, குறுவைப் பரப்பில் ஒரு பகுதியை வேறு பயிருக்கு மாற்றுதல். ஒவ்வொன்றையும் நல்ல நீர்வரத்து, நடுத்தரம், மோசம் என்ற மூன்று ஆண்டு வகைகளில் இயக்கிப் பாருங்கள்.

நான்காவது நிலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நெல்லுக்குப் பதில் உளுந்து என்று விரிதாளில் ஓர் எண்ணை மாற்றுவது எளிது. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன் ஈர வயலில் விதைக்கும் நெல் தரிசு உளுந்து டெல்டாவின் பழைய வழக்கம். அது வேறு செய்தி. ஜூனில் கால்வாயில் நீர் ஓடி, நான்கு பக்கமும் நெல் வயல்கள் நிறைந்திருக்கும்போது நடுவில் ஒருவர் மட்டும் உளுந்து போட்டால், கசிவு நீரிலேயே பயிர் அழுகிவிடும். ஒரு மடையின் கீழுள்ள வயல்கள் தொகுதியாக மாறினால் மட்டுமே அது நடக்கும். ஆகவே ஒவ்வோர் ஏக்கரையும் தனித்தனி முடிவாகக் கொள்ளும் உகப்பாக்க மாதிரி (மிகுந்த இலாபம் தரும் தேர்வைத் தேடும் மாதிரி), நடக்க முடியாத ஒன்றை இலாபகரமானதாகக் காட்டிவிடும். மடைவாரியாகத் தொகுதி அமைத்து, அதையே முடிவின் அலகாக வைக்க வேண்டும். குறைந்தபட்ச ஆதரவு விலையில் வாங்க நெல்லுக்கு நேரடிக் கொள்முதல் நிலையம் ஊருக்குள் இருப்பதும், மற்றப் பயிருக்கு அவ்வாறு உறுதியான கொள்முதல் இல்லாததும் உழவரின் முடிவில் பெரும் பங்கு வகிக்கின்றன. பொதுரக நெல்லுக்கு 2025-26 பருவத்தில் ஒன்றிய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாற்றுப் பயிரின் வருமானத்தைச் சந்தை விலையில் சராசரியாக மட்டும் ஒப்பிடாமல், விலை சரியும் ஆண்டின் இழப்பையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

குறுவை அறுவடை மழையில் சிக்குவதையும் மறக்கக் கூடாது. பயிர் மாதிரி ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதம் என்ற வரம்பில் நெல் நிற்கும்போது, வருமானம் வேறு கணக்காகிறது. நடவு பதினைந்து நாள் தள்ளிப்போனால் அறுவடை எத்தனை மழை நாள்களில் விழும் என்பதை வானிலைத் தரவைக் கொண்டே எண்ணிச் சேர்த்துவிடலாம்.

முடிவெடுப்பவர் முன் வைத்தல்

ஒரே எண்ணைக் கொடுக்காதீர்கள். "1.4 டி.எம்.சி. மிஞ்சும்" என்பதற்குப் பதில், எந்தெந்த அனுமானங்கள் மாறினால் அது எந்த அளவுக்கு மாறும் என்பதை வரம்பாகக் கொடுங்கள். எந்த அனுமானம் விடையை மிக அதிகமாக அசைக்கிறது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நமது எடுத்துக்காட்டில் அது கசிவின் அளவும் உழவர் ஏற்பு விகிதமும். அவ்விரண்டையும் அடுத்த பருவத்தில் அளக்கச் சிறு நிதி ஒதுக்குமாறு கேட்பது, பல வேளைகளில் மாதிரியின் மிகப் பயனுள்ள பரிந்துரையாக அமையும்.

நீர், மீத்தேன், வருமானம், வேலைநாள்கள் ஆகியவற்றை எடையிட்டுக் கூட்டி, ஒரே மதிப்பெண்ணாக்கித் தர வேண்டும் என்ற அழுத்தம் வரும். அதை ஏற்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. எத்தனை டன் மீத்தேனுக்கு எத்தனை நாள் கூலி ஈடு என்று முடிவு செய்வது மக்களுக்குப் பொறுப்பான அரசின் வேலை. அந்தத் தீர்மானத்தை ஒரு பெருக்குக் காரணிக்குள் ஒளித்து வைக்கும் உரிமை கணக்கிடுபவருக்கு இல்லை. தலைமடை உழவர், கடைமடை உழவர், குத்தகைதாரர், நிலமற்ற கூலித் தொழிலாளர், நியாயவிலைக் கடையில் அரிசி வாங்குபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை வைத்து, நான்கு நிலைகளுக்கும் நான்கு நெடுவரிசைகள் போட்ட ஓர் அட்டவணை போதுமானது. எந்த வரிசையைக் கணக்கிட முடியவில்லையோ, அதை நீக்கிவிடாமல் 'கணக்கிடப்படவில்லை' என்று எழுதி அப்படியே விட்டுவிடுங்கள்.

விரிதாள், தரவு, அனுமானப் பட்டியல் ஆகியவற்றை வேறொருவர் திறந்து மீண்டும் இயக்கக்கூடிய வகையில் ஓரிடத்தில் வைத்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதி இடுங்கள். பணியிட மாற்றங்கள் இயல்பான நம் அலுவலகங்களில், செய்தவர் போனதும் மாதிரியும் போய்விடுவதைத் தடுக்க இதைத் தவிர வேறு வழியில்லை.

கால அட்டவணை பற்றி ஒரு குறிப்பு. விதை, உரம் ஆகியவற்றுக்கான ஒதுக்கீடுகள் முடிவாகும் ஏப்ரலுக்குள் முதல் கணிப்பு அதிகாரியின் மேசையில் இருக்க வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் மேட்டூரின் நீர்மட்டம் தெரிந்ததும், மூன்று ஆண்டு வகைகளில் இது எதற்கு நெருக்கமானது என்று குறித்து, ஒரு பக்கத் திருத்தம் அனுப்ப வேண்டும். அக்டோபரில் அறுவடை முடிந்தபின், கணித்ததும் நடந்ததும் வட்டாரவாரியாக எவ்வளவு விலகின என்று எழுதி அதே கோப்பில் சேர்த்துவிட்டு, விலகல் மிகுந்த வட்டாரங்களின் கசிவு, ஏற்பு விகித எண்களை அடுத்த ஏப்ரலுக்கு முன் நேரில் சென்று அளந்து திருத்துங்கள்.